உரிமம் முடியும் நாள்: மென்பொருள் அனுமதி முறைகளும் இணையத்தளம் அமைப்போரும்

மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை எந்த இனத்தில் சேர்த்திருக்கிறது என்று மாணவரைக் கேட்டால், இயந்திரம், கண்டுபிடிப்பு, வணிகப் பண்டம் என்றே பலரும் விடை கூறுவர். சட்டத்தின் விடை வேறு. 'இலக்கியப் படைப்பு' என்னும் தொடருக்கு அச்சட்டம் தரும் விளக்கத்தில் நாவல், கவிதை, நாடகம், கட்டுரை, கடிதம், சொற்பொழிவு ஆகியவற்றின் வரிசையிலேயே கணினி நிரலும் நிற்கிறது. நீங்கள் இப்போது படிக்கும் இவ்வுரையும், இதைத் தட்டெழுத உதவிய மென்பொருளும் சட்டத்தின் பார்வையில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

ஆனால், விலை கொடுத்தபின் நம் கைக்கு வருவது எது என்று பார்த்தால் இவ்விரண்டும் வெகுதூரம் பிரிந்துவிடுகின்றன. ஒரு நாவலை வாங்கியவர் அதைப் பத்து முறை படிக்கலாம். நண்பருக்கு இரவல் தரலாம். பேரப்பிள்ளைக்கு விட்டுச் செல்லலாம். பதிப்பகம் மூடப்பட்டாலும் அலமாரியில் உள்ள நூல் மறைவதில்லை. மென்பொருளை வாங்கியவருக்கோ பெரும்பாலும் இவற்றுள் எதற்கும் உறுதி இல்லை. அவர் வாங்கியது பொருளை அன்று. அதைப் பயன்படுத்தும் அனுமதியை. எத்தனை கணினிகளில், எத்தனை தளங்களில், எவ்வளவு காலம் பயன்படுத்தலாம் என்பதை அந்த அனுமதியே வரையறுக்கிறது. அதையே உரிமம் என்கிறோம்.

பள்ளிக்கோ, கோயிலுக்கோ, வாசகர் வட்டத்துக்கோ இணையத்தளம் அமைப்பவர் இத்தகைய அனுமதிகள் பலவற்றின்மேல் நின்று பணி செய்கிறார். அவற்றுள் ஒன்று முடிவுக்கு வரும்போது தளத்துக்கு என்ன நேர்கிறது என்பதை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

கிராண்டும் டி.ஓ.எல். நிலமும்

தஞ்சோங் ரம்புத்தான், ஈப்போ, கிந்தா பள்ளத்தாக்குப் பகுதிகளில் வாழ்ந்தோருக்கு அனுமதிக்கும் உடைமைக்கும் உள்ள வேறுபாட்டை நிலத்தைக் கொண்டே எளிதில் விளக்கலாம். இங்கே நிலம் வைத்திருப்போரில் இரு வகையினர் உண்டு. ஒருவரிடம் கிராண்ட் இருக்கும், மற்றவரிடம் டி.ஓ.எல். எனப்படும் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு வீடுகளும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டிலும் மா மரம் உண்டு, கோழிக்கூடு உண்டு, வாசலில் கோலம் உண்டு. ஆனால், தேசிய நிலச் சட்டத்தின்படி டி.ஓ.எல். வழங்கப்பட்ட ஆண்டின் இறுதியைத் தாண்டி நிற்பதில்லை; ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். அதைப் பிறருக்கு மாற்றித் தர இயலாது. உரிமம் பெற்றவர் இறந்தால் உரிமமும் முடிந்துபோகும்.

தோட்டத்து லயங்களின் நிலையும் இதற்கு அண்மையதே. மூன்று தலைமுறையாக ஒரே லயத்தில் வாழ்ந்த குடும்பமும், தோட்டம் கைமாறியபோது வெளியேற நேர்ந்தது. குடியிருக்கும் அனுமதி வேலையோடு கட்டப்பட்டிருந்தது. வேலை போனதும் வீடும் போயிற்று.

இன்றைய மென்பொருள் உரிமங்களில் பெரும்பாலானவை டி.ஓ.எல். வகையைச் சேர்ந்தவை. அதில் குற்றம் காண வேண்டியதில்லை. ஓராண்டு அனுமதியை ஓராண்டு அனுமதி என்று அறிந்து பெறுபவர் அதற்கேற்பத் திட்டமிடுவார். அதை நிரந்தர உடைமை என்று எண்ணி அதன்மேல் மாடி வீடு கட்டுவதில்தான் இடர்ப்பாடு தொடங்குகிறது.

செயற்படுத்தல் என்னும் காவலர்

உரிமம் வெறும் தாளில் எழுதிய ஒப்பந்தமாக இருந்த காலத்தில், அதை மீறுவோரைக் கண்டறிவது உற்பத்தியாளருக்கு அரிதாக இருந்தது. குறுந்தகட்டின் உறையில் அச்சிட்ட எண்ணை ஒருவர் மற்றவருக்குச் சொன்னால் போதும். ஒரு பிரதி நூறாகப் பெருகும். மென்பொருள் எழுதுவோருக்கும் குடும்பம் உண்டு, அவர்தம் உழைப்புக்கும் ஊதியம் வேண்டும் என்பதை நாம் மறுக்க இயலாது. இந்த இழப்பைத் தடுக்கவே செயற்படுத்தல் முறை வந்தது. 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளம் இம்முறையைப் பொதுமக்களிடம் பரவலாகக் கொண்டுசேர்த்தது. 2003இல் அடோபி நிறுவனத்தின் ஃபோட்டோஷாப் மென்பொருளிலும் இது புகுந்தது.

அதன் இயக்கம் எளியது. மென்பொருளை நிறுவியதும் அது நம்மிடம் ஓர் உரிம எண்ணைக் கேட்கிறது. அந்த எண்ணையும் நம் கணினியின் அடையாளக் குறிப்பையும் இணையத்தின் வழியாக உற்பத்தியாளரின் வழங்கிக் கணினிக்கு அனுப்புகிறது. அங்குள்ள பதிவேடு, இந்த எண் எத்தனை கணினிகளில் பயன்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, இசைவு அல்லது மறுப்பைத் திருப்பி அனுப்புகிறது. அதாவது, நம் மேசைமேல் இருக்கும் மென்பொருள், தொலைவில் உள்ள வேறொரு கணினியின் சொல்லுக்காகக் காத்திருக்கிறது. வாயிலில் காவலர் ஒருவர் நிற்கிறார். அவருக்குச் சம்பளம் தருபவர் வீட்டுக்காரர் அல்லர்.

அந்தக் காவலர் பணியை விட்டுப் போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உண்மையான எடுத்துக்காட்டு உண்டு. 2005இல் அடோபி நிறுவனம் கிரியேட்டிவ் சூட் இரண்டாம் பதிப்பை வெளியிட்டது. அத்தொகுப்பில் இணையத்தளம் அமைக்கும் கோலைவ் என்னும் மென்பொருளும் இருந்தது. சில ஆண்டுகளுக்குப் பின், அப்பதிப்பின் செயற்படுத்தல் வழங்கியை அந்நிறுவனம் நிறுத்தியது. முறையாகப் பணம் செலுத்தி வாங்கியவரும் கணினியை மாற்றினால் தம் மென்பொருளை மீண்டும் இயக்க வழியில்லாத நிலை உருவாயிற்று. அதைச் சரிசெய்ய, செயற்படுத்தல் தேவைப்படாத பிரதியைப் பொது உரிம எண்ணோடு அந்நிறுவனமே தன் தளத்தில் வைத்தது. 2013 சனவரியில் இச்செய்தி பரவியபோது, மென்பொருள் இலவசமாகிவிட்டது என்று உலகெங்கும் பலர் எண்ணிப் பதிவிறக்கினர். ஏற்கெனவே வாங்கியவர்களுக்காக மட்டுமே அது வைக்கப்பட்டது என்று நிறுவனம் விளக்க வேண்டியதாயிற்று.

இந்நிகழ்வில் உற்பத்தியாளர் மாற்று வழி தந்தார். தர வேண்டும் என்று எந்த உரிமமும் அவரைக் கட்டாயப்படுத்தியிருந்ததாக நாம் கருத வேண்டியதில்லை. நிறுவனமே மூடப்பட்டிருந்தால் மாற்றுப் பிரதியைத் தரவும் ஆள் இருந்திருக்காது.

தமிழ் எழுத்துருவுக்குப் போட்ட பூட்டு

தமிழில் இணையத்தளம் அமைத்தோர் உரிமச் சிக்கலை மிகத் தொடக்கத்திலேயே சந்தித்தனர். ஆங்கிலத் தளம் அமைப்பவருக்கு எழுத்து எல்லாக் கணினிகளிலும் ஆயத்தமாக இருந்தது. தமிழருக்கு எழுத்தையே கையோடு கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களின் இடையில் தொடங்கி உருவாக்கி வளர்த்த முரசு மென்பொருளும், சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி உருவாக்கிய கணியனும், தமிழகத்திலும் இலங்கையிலும் பிற நாடுகளிலும் பலர் செய்த எழுத்துருக்களும் தமிழைத் திரைக்குக் கொண்டுவந்தன. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குறியேற்றத்தை வைத்திருந்த காலம் அது. எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால், பொருளற்ற உரோமன் எழுத்துகளும் குறிகளுமே தோன்றும். ஆகவே, தளம் அமைப்பவர் வாசகருக்கு எழுத்துருவையும் வழங்க வேண்டும். அதை வழங்க எழுத்துரு செய்தவரின் அனுமதி வேண்டும்.

1997 அளவில் இதற்கு ஒரு தீர்வு வந்தது. அதற்கு இயங்கு எழுத்துரு என்று பெயர். வாசகர் எதையும் நிறுவத் தேவையில்லை; பக்கத்தைத் திறக்கும்போதே எழுத்துரு தானாக வந்து சேரும். மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவிக்கு ஒரு வகைக் கோப்பும், நெட்ஸ்கேப் உலாவிக்குப் பிட்ஸ்டிரீம் நிறுவனத்தின் வேறொரு வகைக் கோப்பும் இருந்தன. தமிழ் இதழ்களின் தளங்கள் பலவும் இவ்வழியை நாடின.

அக்கோப்புகளின் உள்ளே ஒரு பூட்டு இருந்தது. மைக்ரோசாஃப்டு முறையில் எழுத்துருக் கோப்பை உருவாக்கும்போதே, அது எந்தத் தள முகவரிகளில் இயங்கலாம் என்பதையும் அதற்குள் எழுதிவைக்கலாம். வேறு முகவரியில் வைத்தால் எழுத்துரு இயங்காது. எழுத்துரு திருடப்படக் கூடாது என்பதே நோக்கம். விளைவு என்னவெனில், தளம் முகவரி மாறினால் புதிய கோப்பைச் செய்ய வேண்டும். செய்தவர் இல்லையென்றால், அல்லது மூல எழுத்துரு கையில் இல்லையென்றால், பக்கத்தில் உள்ள தமிழ் முழுவதும் குறிகளாக மாறிவிடும். நெட்ஸ்கேப் உலாவி வழக்கொழிந்தபோது அதற்கான கோப்புகள் பயனற்றுப்போயின. பின்னர் வந்த ஃபயர்ஃபாக்ஸ் உலாவி மைக்ரோசாஃப்டின் கோப்பை ஏற்கவே இல்லை. அக்காலத்துத் தமிழ்ப் பக்கங்கள் சிலவற்றை இன்று திறந்தால் படிக்க முடியாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எழுதியவரின் சொற்கள் அழியவில்லை. அவற்றைத் தமிழாகக் காட்டும் அனுமதிதான் அழிந்தது.

இக்கட்டிலிருந்து தமிழை மீட்டவை இரண்டு. முதலாவது ஒருங்குறி. தமிழ் எழுத்துகளுக்கு உலகம் முழுமைக்கும் ஒரே குறியேற்றம் அமைந்ததால், உரையும் எழுத்துருவும் ஒன்றையொன்று பிரிந்து வாழ முடிந்தது. ஒரு எழுத்துரு போனாலும் வேறொன்று அதே உரையைக் காட்டும். இரண்டாவது, கட்டற்ற எழுத்துரு உரிமம். எஸ்.ஐ.எல். அமைப்பு வகுத்த திறந்த எழுத்துரு உரிமத்தின் 1.1ஆம் பதிப்பு 2007இல் வெளிவந்தது. இவ்வுரிமத்தின்கீழ் வரும் எழுத்துருவை எவரும் தளத்தில் பதிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம்; எழுத்துருவை மட்டும் தனியே விற்கக் கூடாது. நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, கட்டமரான் முதலிய எழுத்துருக்கள் இவ்வுரிமத்தில் கிடைக்கின்றன. தள எழுத்துருக்களுக்கான வோஃப் என்னும் கோப்பு முறை 2012 டிசம்பரில் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையாயிற்று. அதில் தள முகவரியைச் சரிபார்க்கும் பூட்டு இல்லை.

தட்டச்சு மென்பொருளிலும் இதே பாடம் கிடைக்கிறது. தமிழர் பலரை இணையத்தில் எழுதவைத்த எ-கலப்பையின் தொடக்கப் பதிப்புகள் கீமேன் என்னும் வணிக மென்பொருளின்மேல் நின்றன. பின்னர் அதன் மூன்றாம் பதிப்பு, கீமேனைச் சாராமல் திறந்த மூலமாகப் புதிதாக எழுதப்பட்டது. கீமேனும் 2015இல் எஸ்.ஐ.எல். அமைப்பின் கைக்கு வந்து, காலப்போக்கில் இலவசமாகவும் திறந்த மூலமாகவும் மாறியது.

கைவிடப்பட்ட இரண்டு மென்பொருள்கள்

உரிமத்தின் தன்மை ஒரு மென்பொருளின் வாழ்நாளை எவ்வாறு முடிவுசெய்கிறது என்பதை அறிய, உருவாக்கியோரால் கைவிடப்பட்ட இரண்டு மென்பொருள்களை ஒப்பிட்டுப் பார்ப்போம். இரண்டும் இணையத்தளம் அமைப்போருக்காக எழுந்தவை.

முதலாவது, அடோபி மியூஸ். நிரல் எழுதத் தெரியாத வடிவமைப்பாளரும் தளம் அமைக்கலாம் என்ற உறுதியோடு 2012இல் வெளிவந்தது. மாதச் சந்தா செலுத்தியே அதைப் பயன்படுத்த வேண்டும். 2018 மார்ச் 26இல், இனிமேல் இதற்குப் புதிய வசதிகள் சேர்க்கப்படா என்று நிறுவனம் அறிவித்தது. 2020 மார்ச் 26இல் தொழில்நுட்ப ஆதரவும் முடிவுற்றது. மியூஸ் கோப்புகளைத் திறந்து திருத்தக்கூடிய வேறு மென்பொருள் இல்லை. வெளியிடப்பட்ட பக்கங்கள் இணையத்தில் அப்படியே நின்றன. ஆனால், அவற்றை வளர்த்தெடுக்கும் வழி அடைபட்டது. பல வடிவமைப்பாளர்கள் தளங்களை வேறொரு கருவியில் தொடக்கத்திலிருந்து மீண்டும் அமைத்தனர். மூலநிரல் நிறுவனத்திடம் மட்டுமே இருந்ததால், பயனர்கள் ஒன்றுகூடினாலும் அதைத் தொடர இயலவில்லை.

இரண்டாவது, பி2 என்னும் சிறு மென்பொருள். மிஷேல் வால்திரிகி என்பவர் 2001இல் இதை எழுதினார், ஜி.பி.எல். எனப்படும் பொது உரிமத்தில் வெளியிட்டார். சில காலத்துக்குப் பின் அவர் அதன் வளர்ச்சிப் பணியிலிருந்து ஒதுங்கினார். பயனர்கள் திகைத்தனர். ஆனால், பொது உரிமம் எவருக்கும் நான்கு உரிமைகளைத் தருகிறது: மென்பொருளை எந்நோக்கத்துக்கும் இயக்கலாம், அதன் மூலநிரலைப் படித்து மாற்றலாம், பிரதியெடுத்துப் பகிரலாம், மாற்றிய வடிவத்தையும் அதே உரிமத்தில் வெளியிடலாம். மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்னும் இருவர் அவ்வுரிமையைப் பயன்படுத்தி அந்நிரலை எடுத்து வளர்த்தனர். 2003 மே 27இல் அது வேர்ட்பிரெஸ் என்னும் பெயரில் வெளிவந்தது. இன்று உலகில் மிக அதிகமான தளங்கள் அதன்மேல்தான் நிற்கின்றன.

அடுத்த ஆண்டே உரிமத்தின் ஆற்றல் மீண்டும் வெளிப்பட்டது. அந்நாளில் வலைப்பதிவர்களிடம் புகழ்பெற்றிருந்த மூவபிள் டைப் மென்பொருள், 2004 மே மாதத்தில் அதன் மூன்றாம் பதிப்புக்கு விலைப்பட்டியலை அறிவித்தது. கட்டணமில்லாப் பிரதியில் ஓர் எழுத்தாளரும் மூன்று வலைப்பதிவுகளும் மட்டுமே இருக்கலாம் என்று வரம்பு வகுத்தது. விலை கேட்பது அந்நிறுவனத்தின் உரிமை. ஆயினும், நடுவழியில் நிபந்தனை மாறியதைப் பயனர்கள் பலர் ஏற்கவில்லை. அவர்களுள் கணிசமானோர் வேர்ட்பிரெஸ்ஸுக்குக் குடிபெயர்ந்தனர்.

தோட்டத் துண்டாடல் நிகழ்ந்த காலத்தை நினைவில் வைத்திருப்போருக்கு இவ்வேறுபாடு புதியதன்று. முதலாளி தோட்டத்தை விற்றால் தொழிலாளி வெளியேற வேண்டும் என்ற நிலைக்கு மறுமொழியாக, துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுசிறு தொகையாகப் பங்குப் பணம் செலுத்தித் தோட்டங்களைத் தாமே வாங்கினர். பொது உரிம மென்பொருள் கூட்டுறவுச் சங்கம் அன்று. அதில் பங்கும் இலாப ஈவும் இல்லை. எனினும், ஒருவர் விலகுவதால் அனைவரும் வீடிழக்கக் கூடாது என்னும் எண்ணம் இரண்டுக்கும் பொது.

இன்றைய தளமும் ஆண்டு உரிம எண்ணும்

வேர்ட்பிரெஸ் கட்டற்றது என்பதால் அதன்மேல் அமைக்கும் தளமும் முழுமையாகக் கட்டற்றதாகிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு பள்ளித் தளத்தை எடுத்துக்கொள்வோம். அடியில் வேர்ட்பிரெஸ் இருக்கும். அதன் தோற்றத்தை ஒரு வார்ப்புரு தரும். பக்கங்களை இழுத்து அடுக்கவும், படத்தொகுப்பைக் காட்டவும், பெற்றோருக்கான படிவத்தைப் பெறவும் தனித்தனிச் செருகுநிரல்கள் இருக்கும். இவற்றுள் பணம் கொடுத்து வாங்கியவை ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிம எண் உண்டு. அதைத் தளத்தில் பதிந்ததும், செருகுநிரல் தளத்தின் முகவரியை விற்பனையாளரின் வழங்கிக்கு அனுப்பி இசைவு பெறுகிறது. ஒரு தளம், ஐந்து தளம், வரம்பற்ற தளங்கள் என உரிமம் அடுக்கடுக்காக விற்கப்படும். சோதனைக்காக அமைத்த பிரதியையும் சில விற்பனையாளர்கள் தனித் தளமாகக் கணக்கிடுவர்.

ஆண்டு முடிந்து உரிமம் புதுப்பிக்கப்படாவிட்டால் நேர்வது இரு வகைப்படும். சில மென்பொருள்கள் உடனே நின்றுவிடும். அல்லது திருத்தும் வசதியைப் பூட்டிவிடும். வேறு சில தொடர்ந்து இயங்கும். ஆனால், புதிய பதிப்புகள் வந்து சேரா. வேர்ட்பிரெஸ் உலகில் இரண்டாம் வகையே மிகுதி. அங்கு விற்கப்படும் செருகுநிரல்கள் பலவும் பொது உரிமத்திலேயே வெளியிடப்படுகின்றன. ஆகவே, அவற்றைத் தொடர்ந்து பயன்படுத்துவது குற்றமாகாது. உரிம எண் காப்பது புதுப்பிப்பையும் உதவிச் சேவையையும் மட்டுமே. எனினும், இந்த இரண்டாம் வகையை அச்சமற்றது என்று கருதலாகாது. புதுப்பிக்கப்படாத செருகுநிரலில் பின்னர் ஒரு பாதுகாப்புக் குறை கண்டறியப்பட்டால், அது தாழ்ப்பாள் இல்லாத பின்கதவாகிவிடும். தளம் வெளிப்பார்வைக்கு நலமாகவே தோன்றும். ஒருநாள் அதில் சூதாட்ட விளம்பரங்கள் முளைத்திருக்கும்.

சிறிய அமைப்புகளைத் தாக்கும் இடர் வேறொன்று உண்டு. தளம் அமைத்துத் தருபவர் பலரும், தாம் வாங்கிய பல தளங்களுக்கான உரிம எண்ணையே வாடிக்கையாளரின் தளத்திலும் பதிவர். இது பெரும்பாலும் விற்பனையாளர் அனுமதிக்கும் வழக்கமே, செலவையும் குறைக்கிறது. ஆனால், அந்த எண் அமைத்தவரின் கணக்கில் இருக்கிறது. அவர் தொழிலை விட்டாலோ, ஊர் மாறினாலோ, இரு தரப்புக்கும் மனத்தாங்கல் ஏற்பட்டாலோ, தளத்தின் திறவுகோல்கள் அவரோடு போய்விடும். பள்ளிக்குத் தான் எதை இழந்தது என்பதே தெரியாது. களப்பெயரும் அவர் பெயரிலேயே பதிவாகியிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். டாட் மை முகவரிகளை மைனிக் அமைப்பு நிர்வகிக்கிறது. பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரையே உரியவராக அது கொள்ளும்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தரும் இணையவழித் தளம் அமைப்புச் சேவைகளில் உரிம எண் கண்ணுக்குத் தெரியாது. சேவை முழுவதுமே ஓர் உரிமம் என்பதே அதற்குக் காரணம். விக்ஸ் போன்ற சேவையில் அமைத்த தளத்தை அப்படியே எடுத்து வேறிடத்தில் வைக்க இயலாது. யாஹூ நிறுவனம் 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸ் சேவையை மூடியபோது, உலகெங்கும் எளிய மக்கள் அமைத்த எண்ணற்ற தனிப்பக்கங்கள் ஒரே நாளில் மறைந்தன. இணைய ஆவணக்காப்பகம் முதலிய குழுக்கள் விரைந்து பிரதியெடுத்தவை மட்டுமே எஞ்சின.

பூட்டை உடைத்தல் தீர்வாகுமா?

ஆண்டுக் கட்டணம் சுமையாகத் தோன்றும்போது, செயற்படுத்தல் நீக்கப்பட்ட பிரதியை எங்கிருந்தோ பதிவிறக்கும் எண்ணம் மாணவருக்கு எழலாம். இதைச் சட்டம், பாதுகாப்பு, அறம் என்னும் மூன்று நோக்கிலும் ஆராய வேண்டும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2012இல் திருத்தப்பட்ட நம் பதிப்புரிமைச் சட்டம் தொழில்நுட்பப் பாதுகாப்பு முறைகளை மீறுவதைத் தனியே தடைசெய்கிறது. பாதுகாப்பைப் பொறுத்தவரை, இலவசமாகத் தருபவர் ஏன் தருகிறார் என்று கேட்க வேண்டும். வேர்ட்பிரெஸ் தளங்களைத் தாக்கிய டபிள்யூ.பி.-வி.சி.டி. என்னும் தீநிரல், பூட்டு உடைக்கப்பட்ட வார்ப்புருக்கள், செருகுநிரல்கள் வழியாகவே பெருமளவு பரவியது என்று வேர்ட்ஃபென்ஸ் பாதுகாப்பு நிறுவனம் 2019இல் விளக்கியது. ஆண்டுக் கட்டணத்தை மிச்சப்படுத்தியவர் தம் தளத்தையே வாடகையாகக் கொடுத்துவிடுகிறார். அறத்தைப் பொறுத்தவரை, தமிழ் மென்பொருள் செய்வோர் தம் உழைப்புக்கு விலை பெறாமல் சோர்ந்துபோனால் இழப்பு நம் மொழிக்கே. விலை கொடுக்க இயலாத இடத்தில் கட்டற்ற மாற்றைத் தேடுவதே நேர்வழி. அத்தகைய மாற்றுகள் இன்று நிறையவே உள்ளன.

அமைக்கும் முன் கேட்க வேண்டியவை

தளம் அமைக்கத் தொடங்கும் முன், விலை என்ன என்ற கேள்வியை எல்லாரும் கேட்கின்றனர். உரிமம் முடியும் நாளில் என்ன நடக்கும் என்ற கேள்வியை மிகச் சிலரே கேட்கின்றனர். வகுப்பறையில் மாணவர் பயிற்சியாகவே செய்யத்தக்க ஐந்து வினாக்களை இங்கே தருகிறேன்.

ஒன்று, உரிமம் யார் பெயரில் இருக்கிறது? களப்பெயர், வழங்கிக் கணக்கு, செருகுநிரல் உரிமங்கள் அனைத்தும் பள்ளி அல்லது சங்கத்தின் பெயரிலும், அதன் பொது மின்னஞ்சலிலும் இருக்க வேண்டும். ஓர் ஆசிரியரின் சொந்த மின்னஞ்சலில் இருப்பின், அவர் மாற்றலாகிப் போகும்போது தளமும் மாற்றலாகிவிடும்.

இரண்டு, புதுப்பிக்காவிட்டால் நிற்பது எது? முழுத் தளமா, திருத்தும் வசதியா, புதுப்பிப்பு மட்டுமா? உரிம ஒப்பந்தத்தில் இதற்கான விடை இருக்கும். மாணவர் அதைத் தேடிக் கண்டுபிடித்துத் தமிழில் சுருக்கி எழுதுவது மிகச் சிறந்த மொழிப்பயிற்சியும் ஆகும்.

மூன்று, உள்ளடக்கத்தை வெளியே எடுக்க முடியுமா? எடுத்தால், வேறு மென்பொருள் அதைப் படிக்குமா? முடியாது என்றால், அந்தக் கருவியை முக்கியப் பணிக்குத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

நான்கு, எழுத்துருவின் உரிமம் என்ன? நம் கணினியோடு வந்த எழுத்துருவைத் தளத்தில் பதிக்கும் உரிமை நமக்கு இருப்பதாகக் கொள்ளக் கூடாது. விண்டோஸோடு வரும் லதா எழுத்துரு அக்கணினியில் பயன்படுத்தவே தரப்பட்டது. தளத்தில் பதிப்பதற்குத் திறந்த உரிம எழுத்துருக்களையே கொள்ளலாம்.

ஐந்து, கருவியைச் சாராத பிரதி எங்கே? கட்டுரைகளை ஒருங்குறி உரையாகவும், படங்களைப் பொதுவான படக் கோப்புகளாகவும், மலர்களை பி.டி.எஃப். வடிவிலும் பள்ளியின் சொந்த வட்டில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சேமிக்க வேண்டும். இணைய ஆவணக்காப்பகத்தில் தளத்தின் பக்கங்களைப் பதிவுசெய்து வைப்பதும் நன்று. அதற்குக் கட்டணம் இல்லை.

இவ்வினாக்கள் வெறும் நிர்வாக வினாக்கள் அல்ல. பேராக் மாநிலத்தின் தோட்டங்கள் பலவும் இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறிவிட்டன. தோட்டப் பள்ளிகள் சில இடம்பெயர்ந்தன, சில மூடப்பட்டன. பால்மரம் வெட்டியோரின் பெயர்கள், தோட்டத்துத் திருவிழாப் படங்கள், பள்ளி நினைவு மலர்கள், பழைய மாணவர்களின் நினைவுக் குறிப்புகள் ஆகியவை இப்போது மெல்ல மெல்ல இணையத்தளங்களுக்கு ஏறிவருகின்றன. பல குடும்பங்களுக்குத் தம் முன்னோர் வாழ்ந்த இடத்தின் எஞ்சிய சான்று அந்தப் பக்கங்களே. நிலத்தை அனுமதியின்பேரில் வைத்திருந்து இழந்த சமூகம், நினைவையும் அனுமதியின்பேரில் வைத்திருந்து இழக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. நிலத்தைப் பிரதியெடுக்க முடியாது. உரையையும் படத்தையும் பிரதியெடுக்க முடியும்.

ஆகவே, தளத்தின் அழகுக்கும் வசதிக்கும் வணிக மென்பொருளைத் தாராளமாகப் பயன்படுத்துவோம்; அதற்குரிய விலையையும் முறையாகச் செலுத்துவோம். தளத்தில் ஏற்றும் சொல்லையும் படத்தையும் எந்த உரிம எண்ணும் பூட்ட முடியாத வடிவில் தனியே காத்துவைப்போம். ஆசிரியர்கள் தத்தம் பள்ளித் தளத்தின் உரிமங்களை ஒரு தாளில் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் எதிரிலும் அது முடியும் நாளையும், அதற்குப் பொறுப்பானவரின் பதவியையும் எழுதிவைக்கலாம். அந்தத் தாளை மாணவர்களே தயாரிக்கட்டும். ஓர் ஒப்பந்தத்தை முழுமையாகப் படித்துப் புரிந்துகொள்ளும் பழக்கம், கணினியை விட்டு விலகிய பின்னும் அவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் பயன்படும்.